பாலாற்றுத் திட்டில் வலசை: நாட்குறிப்பு

செப்டம்பர் 7

விரிஞ்சிபுரத்துக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே பாலாற்றுத் திட்டு. இருபுறமும் முழங்கால் தண்ணீர். மூங்கில் கழியால் ஆழம் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. தண்ணீர் கலங்கி ஏறுகிற நாளில் திட்டுக்குப் போகவே கூடாது, கரையிலிருந்து பார்த்தால் போதும்.

காலை 6 மணிக்குக் கிழக்கு முனையில் தொடங்கி மேற்கே நடந்தால் வெயில் முதுகில் விழும், இறகின் நிறம் சரியாகத் தெரியும். கண்ட, கேட்ட பறவைகளுக்கு 15 நிமிடத்துக்கு ஒரு பட்டியல். 8×42 இருநோக்கி போதும். இதைவிடப் பெரிதாக்கிக் காட்டுவதை எடுத்தால் புதருக்குள் தாவும் குருவியைத் தொடர முடியாது.

இன்று சாம்பல் வாலாட்டி 1. வலசைக் குருவிகளில் முன்னதாக வந்து சேர்வது இதுதான். புதரில் வாழும் இன்னொரு வலசைக் குருவியான பிளித் நாணல் கதிர்க்குருவி: இல்லை. இந்த 'இல்லை'யைக் கட்டாயம் எழுத வேண்டும். தேடியும் காணாத நாள் பதிவில் இருந்தால்தான் 'முதல் வருகை' என்று குறிக்கும் தேதிக்கு மதிப்பு. இல்லாவிட்டால் அது குருவி வந்த தேதியா, நாம் போன தேதியா என்று யாராலும் சொல்ல முடியாது.

செப்டம்பர் 14

மஞ்சள் வாலாட்டி 3. சாம்பல் வாலாட்டிக்கும் அடிவாலில் மஞ்சள் உண்டு என்பதால் புதியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். சாம்பலுக்கு முதுகு சாம்பல், வால் நன்றாக நீளம். ஓடும் தண்ணீர் ஓரத்துக் கல்லை விட்டு அதிகம் விலகாது. பறக்கும்போது 'சிட்-சிட்' என்று வெட்டினாற்போல் கத்தும். மஞ்சள் வாலாட்டி புல்தரையில் மாட்டின் காலடியில் மேயும், குரல் 'ஸ்வீ' என்று இழுக்கும். புருவம் மட்டும் வெளுத்து, கறுத்த தலையும் கறுப்பு முதுகுமாக நிற்பது வெண்புருவ வாலாட்டி. ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பது, வலசைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

செப்டம்பர் 22

நேற்று மாலை இடியோடு நல்ல மழை, நள்ளிரவு வரை விடவில்லை. இந்தச் சிறு குருவிகள் பெரும்பாலும் இரவில் பறப்பவை. வழியில் மழை பிடித்தால் கண்ணில் பட்ட பசுமையில் இறங்கிவிடும். அதனால் மழைக்கு மறுநாள் விடியலைத் தவறவிடவே கூடாது.

வேலிகாத்தான் புதருக்குள் 'சக்... சக்' என்று இரண்டு கூழாங்கல்லைத் தட்டுவது போன்ற குரல்: பிளித். பெயரில் நாணல் இருந்தாலும் இங்கே முள்புதரில்தான் தேட வேண்டும். எட்டடி தூரத்தில் அரை நிமிடம் தெரிந்தது. மேலே சீரான மங்கல் பழுப்பு, இறக்கையில் பட்டை எதுவும் இல்லை, கண்ணுக்கு முன்னால் மட்டும் அழுத்தமாகத் தெரியும் குட்டைப் புருவம், நீண்ட அலகு. இலையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்து ஒரு புழுவைப் பறித்தது. சுமார் 12 கிராம் எடை. மத்திய ஆசியா, கிழக்கு ஐரோப்பா பக்கம் கூடு கட்டிவிட்டு வருகிற இனம்.

மேலே வேப்பங்கிளையில் 'சிஸ்-வீ': பச்சைக் கதிர்க்குருவி. இறக்கையில் மெல்லிய வெளிர்ப்பட்டை உண்டு. ஆனால் இறகு தேய்ந்திருந்தால் அது தெரியாது, பட்டையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். நீளமான வெளிர்ப்புருவமும் குரலும் சேர்ந்தால்தான் உறுதி. அருகில் விடாமல் கத்துகிற தையல்சிட்டுகளை ஒதுக்கிக் கேட்கக் காது பழக வேண்டும்.

கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவைப்பது வேண்டவே வேண்டாம். இரவெல்லாம் பறந்து இளைத்து இறங்கிய உயிர் அது. தின்ன வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலையும்.

செப்டம்பர் 29

பழுப்புக் கீச்சான் 1, இளம்பறவை. விலாவில் செதில் போன்ற கோடுகள். இறக்கையில் வெள்ளைத் திட்டு இல்லை, அதனால் செம்முதுகுக் கீச்சான் இல்லை. தகைவிலான்கள் மின்கம்பியில்.

அக்டோபர் 6

புதர்களுக்கு எண் கொடுத்து வரைபடம் வைத்ததன் பயன் இப்போது தெரிகிறது. கடந்த சில நாளாக 4ஆம் புதரிலும் 9ஆம் புதரிலும் அதே 'சக்'. குளிர்காலத்துக்குத் தங்க வந்த பிளித் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடந்து போகிறவை இன்று 2ஆம் புதரில் கேட்கும், நாளைக்குக் கேட்காது. மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதினால் தங்குவதும் கடப்பதும் ஒன்றாகக் கலந்துவிடும்.

ஒரே குருவியை இரண்டு முறை எண்ணுவது இந்த வாரத்தில்தான் அதிகம் நடக்கும். நடக்க நடக்க அது நமக்கு முன்னே புதர் மாறிப் போகும். முன்னால் பறந்ததை அடுத்த புதரின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அக்டோபர் 13

திட்டில் தண்ணீர் ஏறிவிட்டது, கரையிலிருந்து ஒரே பட்டியல். காட்பாடியில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஆறுமணிக்குருவி விழுந்து கிடப்பதாகத் தகவல். இந்த மாதத்தில் வட இந்தியக் காடுகளிலிருந்து இரவோடு இரவாக வந்து, களைத்துப்போய் வீடுகளுக்குள் நுழைந்துவிடும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிச் செத்துவிடும். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, உள்ளே விட்டு மூடி, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். பூனையும் காக்கையும் அண்டாத புதர் ஓரமாக மாலையில் பெட்டியைத் திறந்தால் தானே போய்விடும். ஒரு பக்க இறக்கை தொங்கினால் திறந்துவிடாமல் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.