'உது' இல்லாத தமிழ்: மே மாத நாட்குறிப்பு

3 மே 2025, சனி

வியாழக்கிழமை வெளியான 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை இன்று பின்னேரக் காட்சியில் பார்த்தேன். நெருக்கடி தாங்காமல் இலங்கையிலிருந்து கள்ளத்தனமாகப் படகேறிப் போய்ச் சென்னையில் குடியேறும் ஒரு குடும்பம். சசிகுமார் அப்பா, சிம்ரன் அம்மா. வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் என்ற பயத்தை வைத்தே பாதிச் சிரிப்பை உண்டாக்கியிருக்கிறார்கள்.

பின் வரிசையில் இருந்த ஒரு அம்மா பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "இவை எந்த ஊராம்?"

அதற்குப் பிறகு எனக்குப் படம் ஓடவில்லை. காதுதான் ஓடியது.

அபிஷன் ஜீவிந்துக்கு இது முதற்படம். நல்ல மனசுள்ள படம். காலனியில் எல்லோரும் கடைசியில் நல்லவர்களாகிவிடுவது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அதைக் குறையென்று எழுத மனம் வரவில்லை. என் பிரச்சினை அந்த அம்மாவின் கேள்விதான். சென்னைப் படங்களில் 'இலங்கைத் தமிழ்' என்று ஒரு சரக்கு இருக்கிறது. நாலு 'ஓம்', நாலு 'கதைக்கிறது', வாக்கியத்தின் வாலில் ஒரு இழுவை. 2000இல் 'தெனாலி'யில் கமல் அதைப் பேசி எங்களையும் சிரிக்க வைத்தார். அவர் பேசிய விதத்தில் இருந்த தாளம் இன்றைக்கும் ரசிக்கத்தக்கது. ஆனால் அந்தத் தமிழுக்கு ஊர் கிடையாது. யாழ்ப்பாணத்தில் என் கையில் இருப்பது இது, தூரத்தில் இருப்பது அது, உன் பக்கத்தில் இருப்பது உது. பழந்தமிழில் இருந்த சுட்டு, எங்கள் சந்தைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மட்டக்களப்பில் 'என்னகா' என்று கூப்பிடுவார்கள். இதெல்லாம் உச்சரிப்புப் பயிற்சியில் வராது. ஊரில் போய் இருந்தால்தான் வரும்.

6 மே, செவ்வாய்

உள்ளூராட்சித் தேர்தல். விரலில் மையோடு வந்து, பத்திரிகைக்கு எழுதும் சினிமாப் பத்தியை அனுப்பினேன். மாலைக்குள் ஆசிரியர் அழைத்தார். 'உது' பற்றிய பகுதி முழுவதையும் வெட்டிவிட்டாராம். "அண்ணை, சனத்துக்குப் படம் நல்லதா கூடாதா எண்டு தெரிஞ்சாப் போதும், இலக்கண வகுப்பு வேண்டாம்" என்றார். வெட்டியதைத்தான் மூன்றாம் தேதிக் குறிப்பில் போட்டிருக்கிறேன்.

9 மே, வெள்ளி

நண்பர் தந்த பென்டிரைவ்வில் 'பொன்மணி'. 1977இல் வந்த படம். தேய்ந்த பிரதி, சில இடங்களில் முகமே தெரியவில்லை. ஆனால் குரல் கேட்கிறது, எனக்கு அது போதும்.

எழுதியவர் காவலூர் ராஜதுரை. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. சிங்களவர், அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தவர். சீதனத்தையும் சாதியையும் பற்றிய படம் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் படத்தில் இருக்கும் பகல்வேளைகள் தப்பிப்போய்விடும். ஒருவரும் வசனம் 'பேசுவதில்லை'. வீட்டுக்குள் இருந்து வெளியே நிற்பவருக்குக் குரல் கொடுக்கிறார்கள், பாதியில் விடுகிறார்கள். தாய்மொழிக்காரர் என்றால் எது அழகான வசனம் என்று தேடியிருப்பார். பத்திராஜவுக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. மொழியை வெளியே இருந்து கேட்டவர், எழும்பிய சத்தத்தை அப்படியே விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

கூட இருந்து பார்த்த மாமிக்கு எழுபத்தெட்டு வயது, சொந்த இடம் சாவகச்சேரி. "வந்த நேரம் பாத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"நாங்கள் அப்ப எம்.ஜி.ஆர். படத்துக்கெல்லோ போனனாங்கள். வீட்டில கேக்கிறதைக் காசு குடுத்துக் கேக்கவோ?"

படம் ஏன் ஓடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் வாசித்ததில்லை.

இன்னொன்று. முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ' 1947 ஜனவரி 21ஆம் தேதி கொழும்பு கிங்ஸ்லி திரையரங்கில் வெளியானது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர், படம் பிடித்தது மதுரையில். சிங்களத்தின் முதல் குரல் மதுரையில் பதிவானது, யாழ்ப்பாணத்தின் நல்ல குரலைப் பதிந்தவர் ஒரு சிங்களவர். இந்த நாட்டில் சினிமா நெடுங்காலம் இப்படித்தான் பக்கத்து வீட்டுச் சட்டியில் கொதித்தது. 1983 ஜூலை இனக்கலவரத்தில், தமிழரான தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவை எரித்தவர்கள் அந்தச் சட்டியையும் சேர்த்துத்தான் எரித்தார்கள்.

12 மே, திங்கள்

வெசாக். காலி வீதியில் நடக்க இடமில்லை, இலவசச் சாப்பாடு கொடுக்கும் தன்சல் வரிசை ஒழுங்கைக்குள் வந்து நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கட்டிய வெளிச்சக் கூடு காற்றில் அரைவாசி எரிந்துபோய், மற்ற அரைவாசி அழகாகத் தொங்குகிறது.

வீட்டில் 'உதிரிப்பூக்கள்'. எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். 1979. மகேந்திரன் வசனகர்த்தாவாகப் பெயர் எடுத்தவர். 'தங்கப்பதக்க'த்தின் நீள வசனங்களை எழுதிய கை, படம் இயக்க வந்ததும் சொல்லைக் குறைத்துக்கொண்டது. கடைசியில் ஊரே கூடி விஜயனை ஆற்றுக்குக் கொண்டு போகிறது. அதுவரை கெட்டவனாகவே இருந்தவன், உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேன் என்கிறான். ஒரு படம் முழுக்கச் சொல்லைச் சேமித்தவருக்குத்தான் இப்படி ஒரு இடத்தில் செலவழிக்க முடியும்.

'பராசக்தி' பிடிக்காதா என்று கேட்பார்கள். பிடிக்கும். நீதிமன்றக் காட்சியை இப்போதும் பாடமாகச் சொல்வேன். எங்கள் வீட்டில் அது படமாக அல்ல, ரேடியோவில் போன ஒலிச்சித்திரமாகத்தான் முதலில் வந்தது, அதனாலோ என்னவோ சிவாஜியின் முகம் எனக்கு இரண்டாம் பட்சம். அதே சிவாஜி இரண்டு வருடம் கழித்து, 1954இல், ஒரு பாட்டும் இல்லாத 'அந்த நாளி'ல் நடித்தார். எஸ். பாலசந்தரின் அந்தப் படத்தை இன்றைக்கும் 'பரீட்சார்த்தம்' என்று சொல்லி அலுமாரியில் பூட்டுகிறோம். எழுபது வருடம் கழிந்தும் பரீட்சை முடியவில்லை போலும்.

16 மே, வெள்ளி

கூடப் படித்த ஒருவனை இருத்தி வைத்து 'கொட்டுக்காளி' போட்டேன். அரை மணியில் நித்திரை. எழும்பி, "மச்சான், பின்னணி இசை போடக் காசு முடிஞ்சுதோ?" என்றான்.

இசை இல்லைதான். இயக்குநர் வினோத்ராஜ் வேண்டாமென்று விட்டது. அதனால் சூரியின் கட்டிப்போன தொண்டையிலிருந்து வரும் கரகரப்பு படம் முழுக்க ஆட்டோவோடு சேர்ந்து வருகிறது. அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. கத்துகிறவனுக்குக் குரல் இல்லை, குரல் உள்ளவள் கதைக்கவில்லை. 2024இல் நான் பார்த்த தமிழ்ப் படங்களில் இதைவிடச் சத்தமான படம் இல்லை என்றேன். அவன் தேத்தண்ணி கேட்டான்.

18 மே, ஞாயிறு

முள்ளிவாய்க்கால் நினைவு நாள். படம் எதுவும் பார்க்கவில்லை. மாமி விளக்கு ஏற்றினா. கஞ்சி குடித்தோம்.

20 மே, செவ்வாய்

பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997). வறண்ட ஊர், கண் தெரியாத கிழவர், படையில் சேர்ந்த மகன் முத்திரையிட்ட பெட்டியில் வருகிறான். மகன் செத்ததை அவர் நம்பவில்லை. நம்பினால் இழப்பீட்டுக் காசு வரும், வீட்டுக்கு அது தேவை. ஜோ அபேவிக்ரம அந்தக் கிழவராக எதையும் 'நடித்துக் காட்ட'வில்லை. தடியைத் தட்டிக்கொண்டு போகிறார், நிற்கிறார், கேட்கிறார். பார்க்க முடியாதவரின் படம் என்பதால் நாங்களும் கேட்கப் பழகிவிடுகிறோம். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எழுதமாட்டேன். 2000இல் அரசு தடை செய்து, மறு வருடம் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே இங்கே திரைக்கு வந்தது.

என் சிங்களம் பஸ் சிங்களம். இந்தப் படத்துக்கு அது போதுமாக இருந்தது.

22 மே, வியாழன்

'வீடு' (1988). பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளிக்காலத்தில் டேவிட் லீன் இங்கே வந்து படம் பிடித்ததைப் பார்த்த கதையை வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். சொக்கலிங்க பாகவதர் அரைகுறைச் சுவர்களுக்கு நடுவே நடந்து பார்க்கும் இடத்தில் இந்த முறையும் தொண்டை அடைத்தது. ஆனாலும் ஒரு ஆதங்கம். அமிர்தகழிப் பேச்சிலேயே ஒரு முழுப்படம் எடுத்திருக்கலாம் இந்த மனுசன்.

27 மே, செவ்வாய்

மழை. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மாணவி தன் குறும்படத்தின் வசனத்தைக் கொண்டு வந்து தந்தாள். பதினோரு பக்கம். தாயும் மகளும் ஒரு சமையலறையில். "சேர், காதால கேட்டுப் பாருங்க, போலியா இருந்தா வெட்டுங்க" என்றாள். பத்தியை வாசித்திருக்கிறாள் போல.

பென்சிலோடு இருந்தேன். பெரும்பாலும் நன்றாக இருந்தது. ஆனால் தாய் ஒவ்வொரு பக்கத்திலும் 'பேசிட்டு இரு', 'அவர்கிட்ட பேசு' என்கிறாள். சென்னைச் சரக்கு! ஒன்பது இடத்தில் அடித்துக் 'கதை' என்று மாற்றினேன். ஓரத்தில் சிறு குறிப்பு வேறு: எங்களுக்குப் 'பேசுறது' என்றால் ஏசுறது.

அவள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை.

"சேர், அந்த அம்மா மலையகம், ஹட்டன். எங்கட அம்மாவும் ஹட்டன்தான். எங்க வீட்டில பேசுறதுதான், கதைக்கிறதில்ல."

அழிறப்பரைத் தேடினேன். மாமியின் தையல் பெட்டிக்குள் இருந்தது.