மூன்றாவது பிளக்

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கராஜுக்குள் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதன் வெள்ளைப் பீங்கான், கழற்றப் போட்ட சொக்கெற்றுக்குள் வந்துவிட்டது. மிச்சம் எஞ்சினிலேயே நின்றது. இருபது வருடமாக ஸ்பானர் பிடிக்கிற கை என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அன்றோடு அது போயிற்று.

வண்டி 1976ஆம் ஆண்டு ஹொண்டா சிபி750. நாலு சிலிண்டர், நாலு பிளக். வண்டியில் ஏறி இருந்தால் இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒன்றும் நாலும் ஓரத்தில் இருப்பவை, பேசிக்கொண்டே கழற்றலாம். இரண்டும் மூன்றும்தான் ஆளைச் சோதிக்கும். மேலே பெற்றோல் டாங்கி, கிட்டவே பிரேம் குழாய், சுற்றிவர சிலிண்டர் ஹெட்டின் சூடாற்றும் தகடுகள். ரொறன்ரோ ஸ்காபரோவில் பனிக்காலம் முழுக்கப் போர்த்து வைத்திருந்த வண்டி. வெயில் வந்ததும் அவசரப்பட்டுவிட்டேன்.

இதில் முதல் சிக்கல் அளவு. கடையில் பிளக் சொக்கெற் என்று கேட்டால் பெரும்பாலும் 16 அல்லது 21 மில்லிமீற்றரைத்தான் எடுத்து நீட்டுவார்கள். என் வண்டிக்குப் போகும் என்ஜிகே கம்பனியின் டி8ஈஏ பிளக்குக்கு மரை 12 மில்லிமீற்றர், சாவி பிடிக்கும் அறுகோணம் 18. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு அனாதை அளவு. ஆகவே சாதாரண 18 நீள சொக்கெற் ஒன்றை வாங்கினேன். உள்ளளவு சரி. ஆனால் சுவர் தடிப்பு. தகடுகளில் முட்டிக்கொண்டு பிளக்கின் அறுகோணத்தில் அரைவாசிதான் இறங்கியது. பிளக்கைப் பிடித்துக்கொள்ள உள்ளே ரப்பரும் கிடையாது.

அதற்கு மேல் நான் செய்ததுதான் வடிகட்டின முட்டாள்தனம். டாங்கியைக் கழற்றப் பஞ்சிப்பட்டு, சொக்கெற்றுக்கும் அதைத் திருப்பும் ரட்செற் கைப்பிடிக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் மடங்கும் யுனிவர்சல் ஜொயின்ற் ஒன்றைப் போட்டுச் சரிவாகத் திருப்பினேன். அந்த மூட்டு மடங்கிய நிலையில் பலம் கொடுத்தால் சொக்கெற் நேராகத் திரும்பாது, பக்கவாட்டில் சாயும். அரைவாசி இறங்கிய சொக்கெற் சாய்ந்தால் அதன் உட்சுவர் பீங்கானில்தான் போய் அழுத்தும். பீங்கான் எந்தக் காலத்தில் வளைந்திருக்கிறது?

அப்பா கீழே வந்து பார்த்தார். ஒன்றும் ஏசவில்லை. "தம்பி, ஹொண்டாக்காரன் இதுக்கெண்டே ஒரு குழாய் தந்திருப்பானே, அது எங்கை?" என்றார்.

அப்பாவுக்கு அந்தக் குழாய் ஸ்பானர் நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் தடை போட்டிருந்த காலத்தில் எங்கள் ஹொண்டா எம்டி90 மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. சேலைன் குழாயால், எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பிளக் கரி பிடித்துக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒழுங்கையோரம் நிறுத்தி, குழாயைப் போட்டு, அதன் துளைக்குள் ஸ்குரூ ட்ரைவரைக் குறுக்கே செருகித் திருப்பிக் கழற்றுவார். பிளக்கை மண்தாளால் தேய்த்து, ஊதிப் பூட்டுவார். நான் பின்சீற்றில் புத்தகப் பையோடு காத்திருப்பேன்.

என் வண்டியைப் பழசாக வாங்கியபோது கருவிப் பை வரவில்லை. தேடிப் பிடித்துப் பழைய ஹொண்டா 18 மில்லிமீற்றர்க் குழாய் ஒன்றை வாங்கினேன். பார்க்க மலிவுச் சாமான்தான், மெல்லிய தகட்டுக் குழாய். ஆனால் அந்த மெல்லிசில்தான் விஷயமே இருக்கிறது. தகடுகளுக்குள் வழுக்கிக்கொண்டு அடிமட்டும் இறங்குகிறது. மேல்முனையும் அறுகோணம், டாங்கிக்குக் கீழே பக்கத்திலிருந்து சாதாரண ஸ்பானரைப் போட்டுத் திருப்பலாம். உயரமாக ரட்செற் நிற்கத் தேவையில்லை. இப்போது எந்தச் சொக்கெற்றையும் வாங்க முன் நான் பார்ப்பது வெளிவிட்டத்தையும் மொத்த உயரத்தையும்தான். உள்ளளவு கடைசியில்.

பீங்கான் போனாலும் அறுகோணம் பழுதில்லாமல் இருந்தது என் அதிர்ஷ்டம். உடைந்த துகள்களை வக்யூமால் இழுத்தெடுத்து, துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விட்டேன். அடுத்த நாள் டாங்கியையும் கழற்றி வைத்தேன் (பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதுதான் வெட்கம்). குழாயைப் போட்டுக் கால் சுற்று இளக்கிவிட்டு நிறுத்தி, காற்றடித்து மண்ணையெல்லாம் ஊதி, அதன் பிறகுதான் முழுதாகக் கழற்றினேன். ஹெட் அலுமினியம், அதனால் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதே கழற்ற வேண்டும். சூட்டில் முறுக்கினால் மரையும் சேர்ந்து வரக்கூடும்.

ரப்பர் வைத்த பிளக் சொக்கெற்றும் ஒன்று பிறகு கிடைத்தது. வெளியே எடுக்க நல்லது. ஆனால் பூட்டிவிட்டு இழுத்தால் ரப்பர் பிளக்கை விடாமல் பிடித்துக்கொள்ளும். சொக்கெற்றையும் ரட்செற்றையும் இணைக்கும் நீட்டுக்கம்பி மட்டும் கையோடு வரும், சொக்கெற் பள்ளத்துக்குள்ளேயே இருந்துவிடும். இதற்குப் பயந்து கம்பியையும் சொக்கெற்றையும் ரேப் சுற்றி ஒட்டி வைத்திருக்கிறேன். காந்தம் வைத்ததில் இந்தக் கரைச்சல் குறைவு.

புதுப் பிளக்கைப் பூட்ட ஸ்பானரே வேண்டாம், முதலில் ஒரு சாண் பெற்றோல் குழாய் போதும். பிளக்கின் தலையில் அதைச் செருகி விரலால் சுழற்றினால், மரை நேராகப் பிடித்தால் போகும், கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கும். இரும்புக் கருவி அப்படி வழுக்காது, மரையைத் தின்றுவிடும். கையிறுக்கம் வந்ததும் குழாய் ஸ்பானரால் அரைச் சுற்று, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு. இது பிளக்கின் அடியில் இருக்கும் வாஷர் புதிதாக இருந்தால். பழைய பிளக்கைத் திரும்பப் பூட்டினால் அவ்வளவு திருப்பக் கூடாது, வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். இறுக்கத்தை அளந்து திருப்பும் டோர்க் ரெஞ்சுக்கு 15 முதல் 20 நியூட்டன் மீற்றர் என்று கணக்கு இருக்கிறது. அந்த இடுக்குக்குள் என் டோர்க் ரெஞ்ச் நுழைந்தால்தானே.

கழற்றிய நாலு பிளக்கையும் பழைய பேப்பரில் வரிசையாக வைத்தேன். மூன்று மெல்லிய மண்ணிறம். பீங்கான் இல்லாத மூன்றாவது மட்டும் கன்னங்கரேல். அப்பா அதை எடுத்து மூக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கும் மண்ணெண்ணெய் விட்டனியோ?"

அடுத்த ஞாயிறு கார்பரேற்றர்.