சம்மதப் பத்திரமும் குச்சியும்

மருந்துப் பரிசோதனை ஆய்வுகளில் சேர வருபவர்களுக்குச் சம்மதப் பத்திரத்தை வாசித்து விளக்குவது என் வேலை. எத்தனை தரம் இரத்தம் எடுப்பார்கள், பஸ் காசு தருவார்களா என்பதெல்லாம் சுலபமாகக் கடந்துவிடும். ஆய்வுக் காலத்தில் கருத்தடை செய்ய வேண்டும் என்ற பகுதியில்தான் தடக்குப்படும்.

நிபந்தனைக்குக் காரணம் இருக்கிறது. தலிடோமைட் என்ற மருந்தை உட்கொண்ட கர்ப்பிணிகளுக்குக் கைகால் குறுகிய பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பிறந்ததை உலகம் பார்த்தது. 1977இல் அமெரிக்கா, பிள்ளை பெறக்கூடிய பெண்களை ஆரம்பக்கட்ட ஆய்வுகளிலிருந்தே விலக்கியது. 1993இல்தான் அதைக் கைவிட்டது. இன்று விலக்குக்குப் பதில் கருத்தடை கேட்கிறார்கள். ஆண்டுக்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகத் தவறும் முறை வேண்டும்: கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி, கருப்பைக்குள் வைக்கும் லூப், எல்ஆர்டி எனப்படும் பெண்களுக்கான நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை. ஆணுறை மட்டும் போதாது. கருப்பை எடுத்தவர்களுக்கும் மாதவிடாய் நின்று 12 மாதம் கடந்தவர்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் இது இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி. 2013இல் இங்குள்ள வேரவில், வலைப்பாடு, கேராஞ்சிக் கிராமங்களின் பெண்களுக்கு வற்புறுத்திக் குச்சி வைத்ததாக எழுந்த குற்றச்சாட்டை இங்கே பலர் மறக்கவில்லை. குச்சி என்றதும் சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும், அது அவர்களின் உரிமை.

கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களிடம் பேசுவது இன்னும் கடினம். "பிள்ளை, அவர் வந்தால்தானே இந்தக் கேள்வி?" என்றார் முல்லைத்தீவு அம்மா ஒருவர். மாதவிடாய் நிற்காததால் பத்திரத்தின் கணக்கில் அவர் பிள்ளை பெறக்கூடியவர். உடலுறவைத் தவிர்த்து வாழ்வதே ஒருவரின் வழமை என்றால் அதையும் ஏற்கலாம் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டல். நான் பார்த்த பத்திரங்களில் அந்த வரி பட்டியலின் அடியில் கிடந்தது. இப்போது அதைத்தான் முதலில் வாசிக்கிறேன். அதுவும் மாமியாரோ அயலாரோ இல்லாத அறையில். தனித்து வாழும் பெண்ணிடம் எந்த முறை பாவிக்கிறீர்கள் என்று வரிசையில் வைத்துக் கேட்டால், மாலைக்குள் ஊரில் கதை கட்டிவிடுவார்கள்.

ஆண்களுக்கும் நிபந்தனை உண்டு. விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் பிடிக்கும் என்பதால், சில மருந்துகளுக்குக் கடைசி வேளைக்குப் பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் கருத்தடை கேட்பார்கள். "அதை மனிசியிடம் சொல்லுங்கள்" என்று சிரிப்பார்கள். ஆனால் கையொப்பம் வைக்க வேண்டியவர் மனிசி அல்ல, ஆய்வில் சேரும் அந்த ஆண்தான். ஆகவே மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்குவேன்.