மணியடித்தால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

அருட்சகோதரிகள் தங்களுக்குப் புதிய மடம் கட்ட முடிவு செய்து, வரைபட வேலையை எங்களிடம் கொடுத்தார்கள். சதுர அடிக் கணக்குக்கு முன்னால் மடத்தின் தலைவியான மதர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தம்பி, எண்பது வயசு சிஸ்டர் விடியுமுன் எழுந்து செபத்துக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்?"

6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிகளுக்காக எழுதிய ஒழுங்கின்படி வாழும் சபை அது. பகலில் ஏழு முறை, இரவில் ஒரு முறை செபம் என்கிறது அந்த ஒழுங்கு. இன்று எண்ணிக்கை மடத்துக்கு மடம் மாறலாம். மணியடித்ததும் கைவேலையை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்புவது மட்டும் மாறவில்லை. அதனால் அறைகள், சாப்பாட்டுக்கூடம், சிற்றாலயம் மூன்றையும் ஒரே தளத்தில், உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் கோத்தோம். வழியில் ஒரு படிகூடக் கிடையாது.

முக்கியமான காரியம் எதுவானாலும் எல்லாரையும் கூட்டிக் கேட்க வேண்டும், நல்லதைக் கடவுள் பல நேரம் இளையவருக்கே உணர்த்துகிறார் என்று ஒழுங்கின் 3ஆம் அதிகாரம் சொல்கிறது. அதை அவர்கள் அப்படியே கடைப்பிடித்தார்கள். காகிதத்தில் பார்த்தால் எல்லாருக்கும் புரியாது என்பதால், ஓர் அறையின் அளவைக் கூடத்துத் தரையில் டேப் ஒட்டிக் காட்டினோம். கட்டில், மேசை, முழந்தாளிடும் பலகை எல்லாம் வந்தன. பயிற்சியில் இருந்த இளம்பெண் ஒருத்தி ஓடிப்போய் ஒரு வாக்கரை எடுத்து வந்து, மூத்த சிஸ்டரிடம் கொடுத்து, "இப்போ திரும்பிப் பாருங்க" என்றாள். கட்டில் முனையில் வாக்கர் இடித்து நின்றது.

சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். நோயாளர் பகுதிக்கு மட்டும் அந்த அளவு என்றுதான் முதலில் பேச்சு. அப்புறம் எல்லா அறைகளுக்கும் அதையே வைத்தோம். சாகும்வரை இதே சபையில் நிலைத்திருப்பதாக வாக்குக் கொடுப்பவர்கள். இன்று ஓடுகிற பெண் அதே அறையில்தான் முதுமை அடைவாள். இந்தக் கட்டடத்தில் நாங்கள் எடுத்த ஆகச் சரியான முடிவு இதுதான் என்பேன்.

பணம் ஒரே மூச்சில் சேராது. எதை முதலில் கட்டுவது என்ற பேச்சுதான் நீண்டுகொண்டே போனது. இங்கிலாந்தில் இதே ஒழுங்கின்படி வாழும் ஸ்டான்புரூக் சபைச் சகோதரிகள் 2009இல் வூஸ்டர்ஷரில் இருந்த பெரிய பழைய மடத்தை விட்டு யார்க்‌ஷருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே அவர்களின் கோயில் 2015இல்தான் அர்ச்சித்துத் திறக்கப்பட்டது. அதைச் சொன்னதும் மதர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சரி, அறைகளும் அடுப்படியும் நோயாளர் பகுதியும் முதலில், சிற்றாலயம் இரண்டாம் கட்டத்தில் என்று முடிவானது.

அதுவரை, பின்னால் நூலகம் ஆகப்போகிற கூடத்தில்தான் செபம் நடக்கும். இரு வரிசையாக எதிரெதிரே நின்று சங்கீதங்களை மாறி மாறிப் பாடுவார்கள். எதிரொலித்தால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். அந்த எதிரொலியைக் குறைக்கப் புத்தக அலமாரிகளை மட்டும் இப்போதே சுவரோடு கட்டிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் எல்லாரிடமும் கேட்டுவிட்டுச் சொல்வதாக மதர் சொல்லியிருக்கிறார்.