போர்டும் டெபாசிட்டும்

எங்கள் கடற்கரைப் பக்கம் வெளிநாட்டில் சம்பாதித்த பணம் முன்பெல்லாம் வீட்டிலும் மனையிலும்தான் போய் விழும், இப்போது அதில் ஒரு பங்கு பிரான்சைஸ் கடைகளுக்கு, அதாவது ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டி அதன் பெயரில் நடத்தும் கடைகளுக்குப் போகிறது. கம்பெனியோடு தகராறு வந்தால் ராமநாதபுரத்து வக்கீல்களான எங்களிடம் வருகிறார்கள்.

பிரான்சைஸுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டமும் கையெழுத்துப் போட்ட அக்ரிமெண்டும்தான் பெரும்பாலும் பேசும். அதனால் கட்சிக்காரர் கதையை ஆரம்பிக்கும்போதே அக்ரிமெண்டை வாங்கிக் கடைசிப் பக்கங்களைப் புரட்டிவிடுவேன். எப்படி விலகுவது, வழக்கு எந்த ஊரில், கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவரை யார் நியமிப்பது எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

கீழக்கரைக்காரர் ஒருவர் ராமேசுவரம் ரயில் நிலையத்தை நம்பி ஒரு டீக்கடை பிரான்சைஸ் எடுத்திருந்தார். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோய், வண்டிகள் மண்டபத்தோடு திரும்பின. வியாபாரம் படுத்துவிட்டது. கம்பெனியின் பெயரைப் பயன்படுத்தக் கட்டும் ராயல்டியோ, விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் குறைந்தது இவ்வளவு என்று எழுதியிருந்தது. அவர் கட்டுவதை நிறுத்தினார், கம்பெனி ஒப்பந்தத்தை ரத்து செய்து டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டது, இவர் போர்டைக் கழற்றாமல் அதே பெயரில் வேறு தூளில் டீ போட்டார்.

கம்பெனியின் எம்.டி.யே நடுவரை நியமிப்பார் என்று அக்ரிமெண்டில் இருந்தது. வழக்கின் முடிவில் ஆதாயம் உள்ளவர் தானாக ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் சொல்லியிருக்கிறது. பதில் நோட்டீஸில் அதை எழுதியதும் எதிர்த்தரப்பு வக்கீல் போன் செய்து, "உட்கார்ந்து பேசிடலாமா சார்?" என்றார்.

முதல் நாள் சத்தம்தான். ரோட்டுப் பாலத்தில் பஸ் ஓடிக்கொண்டுதானே இருந்தது என்றார் கம்பெனி ஆள். சரி, ரயில் நின்றதற்கு முன்னும் பின்னும் உள்ள பில் புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன், அதற்கப்புறம் அந்தப் பேச்சு எழவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி நியாயமான நஷ்டத்துக்குத்தான் ஈடு, டெபாசிட் முழுவதையும் அப்படியே விழுங்க முடியாது என்பதையும் சொன்னேன். என் கட்சிக்காரரிடமும் தனியாக, "பாய், அவங்க பேரை வச்சு வேற தூள் போட்டது தப்பு, அதை எந்தக் கோர்ட்டும் ஒத்துக்காது" என்று நேராகவே சொல்லவேண்டியிருந்தது.

"போர்டைக் கழட்டினப்புறம் பணம் தரலைன்னா என்ன பண்றது, வக்கீல் சார்?" என்று கேட்டார். பணத்தைக் கொடுத்தால் போர்டு இறங்காது என்ற பயம் கம்பெனிக்கும் இருந்தது. நான் பார்த்த பிரான்சைஸ் தகராறுகளில் பாதிக்கு மேல் இதில்தான் சிக்குகிறது. தொகையில் ஒத்துப்போய்விடுவார்கள், யார் முதலில் என்பதில்தான் முட்டிக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும் கடையிலேயே, ஒரே நாளில் முடிக்க ஏற்பாடு செய்தோம். ஏணி வந்தது, எலக்ட்ரீசியன் ஒயரைத் துண்டித்தார், போர்டு இறங்கியதும் கம்பெனி ஆள் போட்டோ எடுத்துக்கொண்டு டி.டி.யைக் கையில் கொடுத்தார். பெயர் அச்சடித்த கப்புகளைச் சாக்கில் கட்டி ஏற்றிவிட்டார்கள். ரயில் நின்ற மாதங்களின் ராயல்டி தள்ளுபடி. இரண்டு வருடம் டீக்கடை நடத்தக் கூடாது என்ற நிபந்தனையையும் விட்டுக்கொடுத்தார்கள், தொழில் செய்யத் தடை போடும் ஒப்பந்தம் செல்லாது என்கிற, அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவுக்கு முன்னால் அது நிற்காது என்று அவர்கள் வக்கீலுக்கும் தெரியும்.

இப்போது புது அக்ரிமெண்டோடு வருபவர்களிடம் இரண்டு வரி சேர்க்கச் சொல்கிறேன்: பாலமோ புயலோ கூட்டத்தை நிறுத்தினால் குறைந்தபட்ச ராயல்டி கிடையாது, போர்டு இறங்கும் நாளிலேயே டெபாசிட் திரும்ப வேண்டும். கம்பெனி மறுத்தால், டெபாசிட்டையாவது குறைக்கச் சொல்லிக் கேளுங்கள் என்கிறேன்.