பி.எம். முடிந்துவிட்டது

என் கைப்பேசியைப் பிறர் எடுத்துப் படிப்பதில் எனக்கு ஆட்சேபம் இருந்ததில்லை. மறைக்கத்தக்கதாக அதில் ஒன்றும் வருவதில்லை. சென்ற வாரம் நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், மேசைமேல் கிடந்த அதில் வந்து விழுந்த செய்தியைப் பெரியப்பா படித்துவிட்டார். செய்தி இதுதான்: "சார், பி.எம். முடிந்துவிட்டது. வால்வு இரண்டும் போய்விட்டன. எடுத்துத் தனியாகக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். மூடியாகிவிட்டது. நீங்கள் வந்து கையெழுத்துப் போட்டால் ஒப்படைத்துவிடலாம்."

பெரியப்பா மருத்துவமனை ஒன்றின் பதிவேட்டுப் பிரிவில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அந்த முப்பது ஆண்டுகளும் பி.எம். என்பதைப் பிரேதப் பரிசோதனை என்ற ஒரே பொருளில் எழுதி, கோப்பில் கட்டி, அலமாரியில் அடுக்கியவர். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்த என்னிடம், தாழ்ந்த குரலில், "வயசு என்னப்பா?" என்று கேட்டார். செய்தியை எட்டிப் பார்த்த நான், கம்ப்ரஸரைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்று எண்ணி, "எட்டுதான் ஆகிறது பெரியப்பா. வால்வை மாற்றிவிட்டால் இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் பணியிடத்தில் பி.எம். என்றால் பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ், அதாவது இயந்திரம் பழுதாகும் முன்பே அதைத் திறந்து பார்த்துச் சரிசெய்யும் தடுப்புப் பராமரிப்பு. இதை அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. உயிர் போனபின் திறந்து பார்ப்பதற்கும், போகாமல் இருக்கத் திறந்து பார்ப்பதற்கும் ஒரே பெயரை வைத்தவர்களைப் பற்றி அவர் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது.

அன்று முழுவதும் எனக்கும் அந்த எழுத்துகளைக் கவனிப்பதே வேலையாயிற்று. (ஆங்கிலத்தில் இரண்டெழுத்தாக இருப்பது தமிழில் எழுதினால் மூன்றெழுத்தாகிவிடுகிறது என்பதையும் அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.) திட்ட மேலாளர் பி.எம்.; பிரதமர் பி.எம்.; தனிச்செய்தியும் பி.எம். "பி.எம். கேட்டால் பி.எம். பண்ணச் சொல்" என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னபோது, அந்த வாக்கியத்தில் யார் யாருக்கு என்ன செய்கிறார்கள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. தனிம அட்டவணையில் 61ஆம் இடத்திலுள்ள புரோமெத்தியத்தின் குறியீடும் இதுவே. நிலையான ஐசோடோப்பு ஒன்றுகூட இல்லாத, எந்நேரமும் சிதைந்து வேறொன்றாக மாறிக்கொண்டிருக்கும் அந்தத் தனிமத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யாராலும் வைத்திருக்க முடியாது.

மாலையில் பெரியப்பா தொலைக்காட்சி முன்னிருந்து, "இரண்டரை மணிக்குக் காற்று மோசமாக இருந்ததாம், இரவு பத்து மணிக்கு இன்னும் மோசமாகுமாம்" என்று அறிவித்தார். எட்டிப் பார்த்தேன். திரையில் பி.எம். 2.5, பி.எம். 10 என்று இரண்டு வரிகள் இருந்தன. அவை மணிகள் அல்ல, காற்றில் மிதக்கும் நுண்துகள்களின் அளவுகள் என்றும், 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் கொண்ட துகள்களைக் குறிக்கிறது என்றும், தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர் என்பதால் அத்துகள் எவ்வளவு சிறியது என்று நினைத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னேன். அவர் தம் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "பார்க்க இங்கே எதுவுமில்லை" என்றார்.

இனிக் குழப்பம் வேண்டாம் என்று, இரவுப் பணியில் இருந்த அந்த மெக்கானிக்குக்கு அனுப்பிய பதிலில், "தடுப்புப் பராமரிப்பு அறிக்கையில் கையெழுத்திட வேண்டும், நாளை 12 பி.எம்.-க்கு என் வீட்டிற்கு வரவும்" என்று பொறுப்பாக விரித்து எழுதினேன். விரிக்க வேண்டியதை விட்டுவிட்டு மற்றதை விரித்திருக்கிறேன். நண்பகலுக்குப் பின் என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கம் அது. நண்பகலோ தனக்குத் தானே முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆகவே 12 என்ற எண்ணோடு அது சேரும்போது, படிப்பவர் தம் வசதிப்படி நடுப்பகலாகவோ நள்ளிரவாகவோ எடுத்துக்கொள்கிறார். இரவில் விழித்திருந்து பழகியவர் எதை எடுத்துக்கொள்வார் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் நள்ளிரவில் அழைப்புமணி அடித்தது. வாசலில், ஒரு கையில் அறிக்கையும் மறு கையில் வால்வுகள் அடங்கிய கவருமாக, மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். அரைத்தூக்கத்தில் அறைக்குள்ளிருந்து பெரியப்பா குரல் கொடுத்தார்:

"யாருப்பா அது?"

"ஒன்றுமில்லை பெரியப்பா, பி.எம். விஷயமாக வந்திருக்கிறார்."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் ஓசையோடு சேர்ந்து கேள்வி வந்தது:

"எந்த பி.எம்.?"