கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு நடந்தவர்

முப்பத்திரண்டு வருடம் வரலாறு நடத்திவிட்டுப் போன மே மாதம் ஓய்வு பெற்றேன். பணி நிறைவு விழாவில் பொன்னாடை போர்த்தி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அது இன்னும் பெட்டி பிரிக்காமல் பீரோ மேல்தான் இருக்கிறது.

அதனால்தானோ என்னவோ, இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் கடைசிப் படமான 'டயல் ஆஃப் டெஸ்டினி'யைப் போன வாரம் மறுபடி பார்த்தபோது ஒரு சின்னக் காட்சியில் மனம் நின்றுவிட்டது. 1969, நியூயார்க். சாகசக்காரத் தொல்லியல் பேராசிரியர் ஜோன்ஸ் ஓய்வு பெறுகிறார். கூட வேலை பார்த்தவர்கள் கடிகாரம் பரிசளிக்கிறார்கள். வெளியே வந்தவர் அதைத் தெருவில் யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நடக்கிறார். 2023இல் தியேட்டரில் பார்த்தபோது நான் இதைக் கவனிக்கவே இல்லை.

படம் வந்தபோது ஜோன்ஸாக நடித்த ஹாரிசன் ஃபோர்டுக்கு 80 வயது. 1981இல் முதல் படம் வந்ததிலிருந்து அதே தொப்பி, அதே சாட்டை. ஆரம்பத்தில் வரும் 1944 ரயில் சண்டையில் அவர் முகத்தைக் கணினியால் இளமையாக்கியிருக்கிறார்கள். முகம் இளைஞனுடையது, குரலோ பெரியவருடையது. எனக்கு ஒட்டவே இல்லை. மொராக்கோவின் டேஞ்சியர் நகரச் சந்துகளில் ஆட்டோ துரத்தலும் ரொம்ப நீளம்.

ஆனால் சட்டையில்லாமல் நாற்காலியில் தூங்கி விழிக்கும் அந்த உடம்பை இயக்குநர் ஜேம்ஸ் மான்கோல்ட் மறைக்கவில்லை. தளர்ந்த தோளும் தொங்கிய சதையும் அப்படியே தெரிகின்றன. ஜோன்ஸின் மகன் வியட்நாம் போரில் இறந்துவிட்டான். அந்தத் துக்கத்தில் மனைவி மரியனும் பிரிந்து போய்விட்டாள். கடந்த காலத்துக்குப் போக முடிந்தால் என்ன செய்வாய் என்று படகில் அவருடைய ஞானமகள் ஹெலனா கேட்கிறாள். புதையல், அரசர்கள் எதையும் அவர் சொல்வதில்லை. மகன் ராணுவத்தில் சேராமல் தடுப்பேன் என்கிறார். ஐந்து படங்களிலும் ஃபோர்டு இவ்வளவு நன்றாக நடித்த இடம் வேறில்லை என்பேன்.

படத்தின் தலைப்பில் வரும் 'டயல்', அதாவது அவர்கள் தேடும் கருவிக்கு நிஜத்தில் ஒரு மூலம் உண்டு. கிரேக்கத் தீவான ஆன்டிகித்தெராவின் கடலடியில், கடற்பஞ்சு எடுக்க முங்கியவர்கள் கண்ட மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் கிடைத்த வெண்கலப் பற்சக்கர இயந்திரம். சூரியன், சந்திரன், கிரகணங்களைக் கணக்கிட்டது. இப்போது ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பழங்கால கிரேக்கக் கணித அறிஞர் ஆர்க்கிமிடிஸ் செய்ததாகவும், காலத்தையே தாண்ட வைக்கும் என்றும் சொல்வது படத்தின் கற்பனை.

அந்தக் கற்பனை அவரை ரோமர்கள் முற்றுகையிட்ட, ஆர்க்கிமிடிஸின் ஊரான சிராகூஸுக்கே கொண்டுபோய் விடுகிறது. கி.மு. 212. குண்டடிபட்டுக் கிடக்கிறார். வாழ்நாள் முழுக்கப் படித்த வரலாறு எதிரே உயிரோடு நிற்கிறது. நான் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று கெஞ்சுகிறார். வகுப்பறையில் கரும்பலகையில் தேதி எழுதியே காலம் கழித்த எனக்கு அந்தக் கெஞ்சல் நன்றாகவே புரிந்தது. ஹெலனா ஒரே குத்தில் அவரை மயங்க வைத்துத் திரும்பக் கூட்டிவருகிறாள்.

கண் விழித்தால் பழைய வீடு. மளிகைப் பைகளோடு மரியன் உள்ளே வருகிறாள். முதல் படத்தில், அடிபட்டுக் கிடந்தவரிடம் வலிக்காத இடம் எது என்று அவள்தான் கேட்பாள். அவர் ஒவ்வொரு இடமாகக் காட்ட, முத்தமிடுவாள். இப்போது அவர் கேட்கிறார், அவள் காட்டுகிறாள்.

உள்ளே தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை எழுப்பி, அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டுக் காட்டினேன்.